பதிவு இருக்கிறது, அனுமதி இல்லை

"எந்த மென்பொருள் தளத்தையும் அகற்றுவதற்கு முன், அதிலுள்ள தரவுகளின் உரிமையாளரான துறைத் தலைவரிடமிருந்து எழுத்துமூலம் ஒப்புதல் பெறப்பட வேண்டும். அத்தரவுகள் தொடர்பாக விசாரணை ஏதும் நிலுவையில் இருப்பின், அது முடியும்வரை அகற்றும் பணி நிறுத்திவைக்கப்படும்."

எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவு நடைமுறைக் கையேட்டில் ஏழாம் அத்தியாயம், மூன்றாம் விதி. எழுதியவன் நான். வரைவு, திருத்தம், சட்டப் பிரிவின் ஒப்புதல், தலைமை அலுவலகத்தின் முத்திரை எல்லாம் வாங்கி, அச்சடித்து, துறைக்கு ஒரு பிரதி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தேன். ஆகவே இதை யாரும் படிக்கவில்லை என்பதை என்னால் ஆதாரத்தோடு சொல்ல முடியும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஒரு தளத்தை எப்படி நிறுவுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிறுவும் நாளில் கேக் வெட்டுகிறார்கள், ரிப்பன் கட்டுகிறார்கள், கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அகற்றும் நாளில் ஒரே ஒருவர் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் துறையிலேயே இளையவர். அந்த ஒருவர் நாளைக்கு நீங்கள்தான். அதனால் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. வண்டியின் பிரேக்கைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு பிராக்கெட்டுகளை வார்க்கிறோம். வார்த்து, கடைந்து, கழுவி வரும் ஒவ்வொன்றையும் வெள்ளை விளக்கின் கீழ் வைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அந்த வரிசைக்குக் கேமராக்கள் வந்தன. படத்தைப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல ஓர் இயந்திரக் கற்றல் தளமும் வந்தது. இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் படத்தை அந்தப் பெண்களின் திரைக்கு அனுப்பும். அவர்கள் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பச்சையோ சிவப்போ அழுத்துவார்கள். சிவப்பு என்றால் பாகம் ஒதுக்கிவைக்கும் நிறுத்தப் பெட்டிக்குப் போகும். பச்சை என்றால் லாரிக்கு; பெட்டியில் கிடப்பதும், பதிவு பச்சையாக மாறினால், லாரிக்கே போகும். அவர்கள் அழுத்த அழுத்தத்தான் இயந்திரம் கற்றுக்கொண்டது. திறப்பு விழாவில் இயந்திரத்துக்கு மட்டும் மாலை போட்டார்கள்.

தளம் ஓடியது ஆறு சர்வர்கள் கொண்ட ஒரு கிளஸ்டரில். உங்களுக்குத் தெரிந்ததுதான், உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பாகங்களைப் பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு இடமிருக்கும் தட்டில் அடுக்குவோம் அல்லவா, அதுபோல மென்பொருளைத் துண்டு துண்டாகக் கன்டெய்னர்களில் போட்டு இடமிருக்கும் சர்வரில் ஏற்றி இறக்கும் ஏற்பாடு அது. ஒரு தளத்தின் பெட்டிகள் எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர்; அவற்றைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளுக்குக் கன்ட்ரோலர். பெட்டி போனாலும் உள்ளே எழுதிவைத்த பதிவு போகக்கூடாது என்றால், அதற்குத் தனியாக ஒரு வட்டு ஒதுக்க வேண்டும். இந்தக் கதை அந்த வட்டைப் பற்றியது.

ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வரிசையில் ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு திரையிலும் ஒரு பெண் தன் பெயரில் உள்நுழைவார். அவர் டீக்குப் போனால் அடுத்து உட்காருபவர் அதே பெயரிலேயே வேலையைத் தொடர்வார். ஷிஃப்ட் அலுவலக அறையிலிருக்கும் லைன் லீடரும் அதே பெயரில் உள்ளே போய்ப் பார்க்கலாம், மாற்றலாம். வெளியேறி மறுபடி உள்நுழைய அந்தப் பழைய திரைகள் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டன. வரிசை நான்கு நிமிடம் நிற்காது. இந்தப் பழக்கம் விதிக்கு விரோதம் என்று நான் மூன்று பக்கம் எழுதினேன். பிறகு, உற்பத்தி பாதிக்கிறது என்று ஒரு கூட்டத்தில் நெருக்கியபோது, தற்காலிக விதிவிலக்கு என்று ஒரு தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். தற்காலிகம் என்ற சொல்லுக்கு எங்கள் தொழிற்சாலையில் ஓய்வு வயது கிடையாது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, ஜூலைக் கடைசியில், ஒரு பிராக்கெட் திரும்பி வந்தது. வண்டி செய்யும் வாடிக்கையாளர் அதில் விரிசலைக் கண்டுபிடித்து அனுப்பியிருந்தார். பாகத்தில் பொறித்திருந்த எண்ணை வைத்துத் தரப் பதிவேட்டைப் பார்த்தார்கள். அதில் இரண்டே விஷயம் இருக்கும்: கடைசி முடிவு, உள்நுழைந்தவர் பெயர். முடிவு: பச்சை. பெயர்: ஸ்டெல்லா.

ஸ்டெல்லா அந்த வரிசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவர். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து விடியற்காலைக் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். மெமோ கொடுத்து, பணியிடை நீக்கம் செய்து, விசாரணை வைத்தார்கள். பிரேக் பாகத்தில் விரிசலைத் தவறவிட்டவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால், இந்தத் தொழிற்பேட்டையில் எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்காது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போடுவது விலையில்தான். ஆள்களின் பெயரைப் பரிமாறிக்கொள்வதில் எல்லாரும் ஒரு தாய் மக்கள்.

அப்போது எனக்கு இது செவிவழிச் செய்தி மட்டுமே. நான் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் பெங்களூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி எல்லாத் தொழிற்சாலைக்கும் தலைமை அலுவலகத்திலிருந்தே ஒரு புதுத் தளம் ஓடும், பழையதை வெள்ளிக்கிழமைக்குள் அகற்றுக. அனுப்பியவர் தகவல் தொழில்நுட்பத் துணைத் தலைவர். இதைச் சதி என்று நினைத்துவிடாதீர்கள். சதிக்கு முன்கூட்டித் திட்டமிட வேண்டும். எங்கள் தலைமை அலுவலகத்தின் மீது அந்தக் குற்றத்தை யாரும் சுமத்த முடியாது.

மின்னஞ்சல் நேராகக் கிரீஷுக்குப் போனது. கிரீஷ் என் பிரிவின் பொறியாளர், ஜவளகிரிக்காரர், வீட்டில் கன்னடம். கெட்டிக்காரர். தாமதமாக வந்தால் 'ரோட்ல யானை சார்' என்பார்; பாதி நாள் அது உண்மையாகவும் இருக்கும். புதன்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், நேத்துலருந்து பழைய தளம் 'டெர்மினேட்டிங்', அழிஞ்சுக்கிட்டு இருக்குதுன்னே காட்டுது. போகவும் மாட்டேங்குது, இருக்கவும் மாட்டேங்குது."

"என்னப்பா பண்ணுன?"

"கன்ட்ரோலரெல்லாம் மொதல்ல தூக்கிட்டேன். அப்புறம் மொத்த நேம்ஸ்பேஸுக்கும் டிலீட் போட்டேன். நெட்ல பாத்தேன் சார், ஃபைனலைசர உருவிட்டா போயிடுமாம். ஒரே கமாண்டு. போடட்டுமா?"

கை என்டர் மேலேயே இருந்தது.

"அது எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குதுன்னு பாத்தியா?"

"அது மெசினு சார். எதுக்குக் காத்திருக்கப் போகுது?"

"அட்டிபலே டிராஃபிக் கிளியர் ஆகறதுக்கா காத்திருக்கும்? பாருப்பா."

கிரீஷ் செய்த தவறை உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள், மீதிப் பேர் செய்யப்போகிறீர்கள். ஃபைனலைசர் என்பது ஒரு கையெழுத்துக் கட்டம். வேலையை விட்டுப் போகிறவர் கருவி அறை, உணவகம், பாதுகாப்பு என்று ஒவ்வோரிடமும் 'நோ-டியூ' கையெழுத்து வாங்குகிறாரே, அதே ஏற்பாடு. 'நான் துடைக்க வேண்டியதைத் துடைத்துவிட்டேன், இனி இது போகலாம்' என்று ஒரு கன்ட்ரோலர் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் மறையும். கிரீஷ் கையெழுத்துப் போட வேண்டியவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு படிவத்தை நீட்டியிருந்தார். கட்டம் காலியாகவே கிடந்தது. வலையில் அகப்பட்ட அந்த ஒற்றை வரிக் கட்டளை, கையெழுத்தை வாங்குவதில்லை, கட்டத்தையே கிழித்துவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கருவி அறையில் ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார். பொது மேலாளர் ஒருவர் வேறு நிறுவனத்துக்குப் போகிறார். வாசலில் கார், காரில் பூங்கொத்து. ஸ்டோர் கீப்பர் நோ-டியூவில் கையெழுத்துப் போடவில்லை. நுண்ணளவு பார்க்கும் கருவியான மைக்ரோமீட்டர் ஒன்று திரும்பி வரவில்லை. யார் யாரோ போய்ச் சொன்னார்கள். மனிதர் அசையவில்லை. "சார் போலாம். மைக்ரோமீட்டர் போகக்கூடாது" என்றார். மேலாளர் மேசை அடியில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். மேலாண்மைக் கல்விக்காக நிறுவனம் என்னை எங்கெங்கோ அனுப்பியது. இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அங்கே யாரும் எதையும் சொல்லவில்லை.

கிரீஷ் தேடிப் பார்த்தார். தரவுத்தள கன்டெய்னர் ஒன்று போகாமல் நின்றது. அதன் பிடியில் ஒரு வட்டு. ஃபைனலைசரை உருவினால் கன்டெய்னர் போகும். கன்டெய்னர் போனால் வட்டின் பிடி விடும். பிடி விட்டால் வட்டுக்கு என்ன ஆகும் என்பது ஓர் அமைப்பில் எழுதியிருக்கும். திரையில் அது 'டிலீட்' என்று இருந்தது. அப்படி வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். நிறுவியபோது இடம் பற்றாக்குறை. பயன்படாத வட்டுகள் தாமாகவே துடைபடட்டும் என்று வைத்தேன். அகற்றும் நாளை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கேக் வெட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.

"வட்டுல என்னப்பா இருக்குது?"

"லைன்ல அமுத்துன எல்லாம் சார். படம், பச்சை, சிவப்பு, எந்த ஸ்கிரீன், எத்தன மணி."

"இதெல்லாம் தரப் பிரிவோட தரவு. அவங்க ஒப்புதல் எங்க?"

கிரீஷ் துணைத் தலைவரின் மின்னஞ்சலைக் காட்டினார். நான் கையேட்டின் ஏழாம் அத்தியாயத்தைக் காட்டினேன். பிறகு அந்த ஒரு சொல்லை 'டிலீட்' என்பதிலிருந்து 'ரீடெய்ன்', அதாவது வைத்திரு, என்று மாற்றச் சொன்னேன். ஐந்து நொடி வேலை. இனி பிடி விட்டாலும் வட்டு அழியாது. நேம்ஸ்பேஸை அப்படியே, போகவும் விடாமல் இருக்கவும் விடாமல், நிறுத்திவைக்கச் சொன்னேன். ஸ்டெல்லாவின் விஷயத்தோடு இதற்குத் தொடர்பு இருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. காரணம் தெரிந்த பிறகுதான் விதியைப் பிடித்துக்கொள்வேன் என்றால், பெரும்பாலும் காரணம் தெரியும்போது வட்டு இருக்காது.

பத்து மணிக்கு சர்வர் அறைக் கதவைத் தட்டினார் ஸ்டெல்லா. மனிதவளப் பிரிவில் மெமோவுக்கு விளக்கம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"சார், அந்த கேமரா மெசின எடுக்கறீங்களாமே?"

"யாரும்மா சொன்னது?"

"கிரீஷ் தம்பிதான் நேத்து லைன்ல சொல்லுச்சாம். பொண்ணுங்க போன் பண்ணாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துருங்க சார். நான் செகப்புதான் அமுக்கினேன். காது மாதிரி வளையுற எடத்துல முடியாட்டம் ஒரு கோடு. கேமரா அத நெழல்னு நெனச்சிக்கிச்சு. நான் சாய்ச்சுப் பாத்தேன். நெழலா இருந்தா நகரும். அது நகரல."

"ஒரு நாளைக்கு எத்தனையோ பாக்கறீங்க. அது ஒண்ணு மட்டும் எப்படி ஞாபகம் இருக்குது?"

"ஆயிரம் பேருக்கு எல போட்டாலும், முடி கெடந்த எல ஞாபகம் இருக்குமில்ல சார்?"

லீடர் வந்து என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு எங்க சார் வந்தாரு? ரூம்லருந்தே லாரி நிக்குது, லாரி நிக்குதுன்னு கத்துனாரு. நான் அடுத்தத எடுத்துட்டேன். இப்ப பேப்பர்ல பச்சைங்கறாங்க. என் பேரு இருக்குதுங்கறாங்க. பேரு என்னுதுதான் சார். வெரலு என்னுது இல்ல."

அந்த விரலுக்கு விதிவிலக்குக் கொடுத்தது என் கையெழுத்து. அதை அவரிடம் சொன்னேன். அவர் "அப்ப நீங்கதான் சார் பாத்துக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனதும் கிரீஷ் திரும்பினார். "சார், ரெண்டே நிமிஷம். தொறந்து பாத்துடலாம். பென் டிரைவ்ல போட்டு அக்காகிட்டக் குடுத்துடலாம்."

"வேண்டாம்."

"ஏன் சார்? பாவம் சார்."

"பென் டிரைவ்ல போனா அது ஆதாரம் இல்ல, திருட்டு. இருக்கற மெமோவோட இன்னொரு மெமோ சேரும். தொறந்து பாத்தேன்னா, நான்தான் உள்ள மாத்திட்டேன்பாங்க. நம்ம ரெண்டு பேரும் அதப் பாக்கக்கூடாது."

"அக்கா சொல்றது பொய்யா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். பொய்யுக்கும் அதே விதிதான்."

இதை நான் வீரமாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். அடுத்த இரண்டு மாதமும் அந்த வட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே சண்டை போட்டேன். பச்சை ஸ்டெல்லாவின் திரையிலிருந்தே அழுத்தப்பட்டிருந்தால், ஒரு விரிசலுக்காக ஊரையே பகைத்துக்கொண்ட கிழவன் என்று பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் பதிவு நமக்குச் சாதகமா என்று பார்த்துவிட்டு அதைக் காப்பாற்றுவது காப்பாற்றுவதே அல்ல. அது கட்சி கட்டுவது.

அன்று மாலையே தரப் பிரிவுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தளத்தின் வட்டில் விசாரணைக்குத் தொடர்புடைய பதிவு இருக்கக்கூடும். ஒன்று, அதை அழிக்கச் சம்மதம் என்று எழுதித் தாருங்கள். அல்லது, விசாரணையில் காட்டச் சம்மதம் என்று எழுதித் தாருங்கள். இரண்டும் வராதவரை இருப்பது இருந்தபடி இருக்கும். பிரதி: துணைத் தலைவருக்கு, மனிதவள மேலாளருக்கு.

பெங்களூர் எங்களிடமிருந்து ஒரு பஸ் தூரம். கர்நாடக எல்லையைத் தாண்டிச் சந்தைக்குப் போகும் தக்காளி காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் விற்றுவிடும். கடிதங்கள் தக்காளி அல்ல. வெள்ளிக்கிழமை போனது. பதில் வரவில்லை. துணைத் தலைவரின் போன் வந்தது.

"டேஷ்போர்டுல உங்க பிளாண்ட் மட்டும் ரெட்டா நிக்குது சார். மத்த எல்லாம் கிரீன்."

"ஆமாங்க. இன்னும் போகல."

"ஏன் போகல?"

"ஒப்புதல் வரல."

"அதான் நான் மெயில் போட்டேனே. ஃபோர்ஸ் டிலீட் பண்ணுங்க."

"பண்றேன். 'விசாரணை நடப்பது தெரிந்தே அழிக்கச் சொல்கிறேன்'னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்க. வந்த அடுத்த நிமிஷம் போடறேன்."

"எல்லாத்துக்கும் எழுதிக் கேக்கறீங்களே சார்?"

"எல்லாத்துக்கும் இல்லீங்க. அழிக்கறதுக்கு மட்டும்."

அந்த ஒரு வரி வரவே இல்லை. வராது என்று எனக்குத் தெரியும். 'எழுதிக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். வாய்மொழி உத்தரவுகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே காலமாகிவிடும். இதைச் சொல்வதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. உயர்த்தினால் நீங்கள் கோபக்காரர் ஆகிவிடுவீர்கள். உயர்த்தாவிட்டால் விதியை மீறுகிறவர்கள் அவர்கள் ஆகிவிடுவார்கள்.

விசாரணை இரண்டு முறை கூடியது. இரண்டு முறையும் ஸ்டெல்லா, கேமரா மெசினில் இருப்பதைப் பாருங்கள் என்று கேட்டார். இரண்டு முறையும் விசாரணை அதிகாரி, 'அப்பதிவு கிடைக்கப்பெறவில்லை' என்று எழுதினார். இதைக் கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபம், முப்பத்தொரு வருடத்தில் வந்த எல்லாக் கோபத்தையும் கூட்டினாலும் தேறாது. கிடைக்கப்பெறவில்லை! நான்கு அடி உயர அலமாரியில், என் மேசையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

விசாரணை அதிகாரிக்கு ஒரு வரியில் கடிதம் எழுதினேன். "பதிவு இருக்கிறது, அனுமதி இல்லை." மனிதவளப் பிரிவில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, கோப்பில் பக்க எண் போடும்வரை நின்றேன். முத்திரை குத்தப்பட்ட தாளை ஒரு கோப்பிலிருந்து எடுப்பது, பிரசவம் ஆன பிறகு கர்ப்பத்தை மறுப்பது மாதிரி. இனி 'கிடைக்கவில்லை' என்று எழுதி யாரும் விசாரணையை முடிக்க முடியாது.

முடிக்க முடியாதபோது என்னை முடிக்கப் பார்த்தார்கள். செப்டம்பர் கடைசியில் என் ஓய்வு. மனிதவள மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவர் அறையில் எப்போதும் ஊதுபத்தி வாசனை இருக்கும்.

"சார், உங்க நோ-டியூல ஒரு கட்டம் காலியா இருக்குதுங்களே. 'பொறுப்பில் உள்ள பணிகள் முடிக்கப்பட்டன'ன்னு."

"தெரியுங்க. அந்தக் கட்டத்த ஃபார்ம்ல சேர்த்ததே நான்தான்."

"அந்தப் பழைய தளத்த எடுத்துட்டீங்கன்னா நானும் கையெழுத்து போட்டுருவேன். கடைசி நேரத்துல எதுக்குங்க சார் மனஸ்தாபம்?"

"காலியாவே இருக்கட்டும். முடியாதத முடிஞ்சதுன்னு எழுதுனா, என் கடைசி வேலையே பொய்யின்னு ஆயிடும்."

சால்வை போட்டார்கள். என் நேர்மையைப் பற்றி மனிதவள மேலாளரே ஐந்து நிமிடம் பேசினார். நோ-டியூ தரவில்லை. ஒப்படைப்புக் குறிப்பில், முடிவடையாத பணி ஒன்று என்று எழுதி, காரணம், விதி எண், இரண்டு கடிதங்களின் தேதி எல்லாம் குறித்துக் கிரீஷிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்த இடத்தில் என் பங்கு முடிந்தது. உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான். ஓய்வு பெறப்போகிறவன் எதிர்த்துப் பேசுவது பெரிய விஷயம் இல்லை. அவனிடமிருந்து பிடுங்க என்ன இருக்கிறது? நான்காம் நாள் கிரீஷ் போன் செய்தார்.

"சார், பெங்களூரு போன். 'பெரியவர் போயிட்டாரில்ல, இப்ப தூக்கிடு'ன்னாரு."

"நீ என்னப்பா சொன்ன?"

"'எழுதிக் குடுங்க சார்'னேன்."

"அதுக்கு?"

"'உனக்கு அப்ரைசல் எப்ப'ன்னு கேட்டாரு. ஏப்ரல்னேன்."

"பயமா இருக்குதா?"

"இருக்குது சார். ரோட்ல யானை நின்னாலும் பயந்தான். வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கணும், அவ்ளோதான். ரிவர்ஸ் எடுத்தா தொரத்தும்."

நான் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஜவளகிரி சாலை சொல்லித் தந்திருக்கிறது.

அக்டோபர் நடுவில், திரும்பி வந்த பிராக்கெட்டின் தடத்தைக் கேட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர் வந்து உட்கார்ந்தார். யார் பார்த்தது, எப்போது, எந்தத் திரையில், என்ன முடிவு? தரப் பதிவேட்டை நீட்டினார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயரில் அன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?" என்று கேட்டாராம். அவர் முன் உட்கார்ந்திருந்தவர் தரப் பிரிவுத் தலைவர். பதில் சொல்லக்கூடிய ஒரே பொருள், அவர் பத்து வாரமாகப் பதில் போடாத என் கடிதம் சொன்ன வட்டு. விசாரணைக் கோப்பிலிருந்த என் ஒற்றை வரியை யாரோ நினைவுபடுத்தினார்கள். தணிக்கையாளரின் காப்பி ஆறுவதற்குள் அனுமதி வந்தது: "விசாரணையில் காட்டலாம்." இரண்டு சொல்.

ஐந்து பேர் முன்னிலையில் கிரீஷ் வட்டைத் திறந்தார். ஸ்டெல்லாவும் இருந்தார். பாக எண்ணைத் தேடியதும் இரண்டு வரி வந்தது. முதலாவது, சிவப்பு, வரிசையின் மூன்றாம் திரை. இரண்டாவது, நாற்பது நொடி கழித்து, பச்சை; ஷிஃப்ட் அலுவலக அறை. அதே நாற்பதாவது நொடியில் மூன்றாம் திரையில் அடுத்த பாகத்துக்கு ஒரு முடிவு பதிவாகியிருந்தது. ஒரே பெயர் இரண்டு இடத்தில். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார் தணிக்கையாளர். காது வளையும் இடத்தில் முடி போல ஒரு கோடு. "நெழலா சார் அது?" என்று ஸ்டெல்லா கேட்டதாகக் கிரீஷ் சொன்னார்.

லீடருக்கு ஒரு மெமோ போனது. லாரி ஏன் அவ்வளவு அவசரமாக நின்றது, நிற்க வைத்தது யார் என்று அதில் கேட்கப்படவில்லை. மேலே இருப்பவர்களைக் கேட்காத மரபு விசாரணை முடிந்த பிறகும் தொடர்கிறது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பதிவைப் பார்த்தாயிற்று, தணிக்கையாளர் போயாயிற்று. ஸ்டெல்லா மட்டும் வீட்டிலேயே இருந்தார். மெமோவுக்கு அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்துக்குப் பதில் தராமல், அவரை உள்ளே விடவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை. தவறு எங்களுடையது என்று ஒரு தாளில் எழுத யாருக்கும் கை வரவில்லை. ஆனால் பெங்களூருக்குத் தன் டேஷ்போர்டு உறுத்திக்கொண்டே இருந்தது. நவம்பரில் அங்கே ஆய்வுக் கூட்டம். துணைத் தலைவர் கிரீஷைக் கூப்பிட்டார்.

"விசாரணைதான் முடிஞ்சிருச்சே. தரப் பிரிவு ஒப்புதலும் வாங்கிட்டேன், எழுத்துலயே. இப்பவாவது தூக்கலாமா?"

"இல்ல சார். விசாரணை முடியல."

"ரிப்போர்ட் வந்தாச்சு!"

"அக்காவுக்குப் பதில் போகல சார். அவங்க லெட்டருக்கு நம்ம லெட்டர் போனாத்தான் விசாரணை முடிஞ்சதா அர்த்தம். அதோட காப்பி என் ஃபைலுக்கு வரணும். வந்தா அன்னைக்கே கிளியர் பண்ணிடறேன். ஆய்த்தா, சரிதானே சார்?"

கையேட்டில் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. எழுதியவன் நான், எனக்குத் தெரியும். விசாரணை எப்போது முடிந்ததாகக் கொள்வது என்று நான் வரையறுக்கவில்லை. அது என் வரைவில் இருந்த ஓட்டை. அந்த ஓட்டையில் ஸ்டெல்லா உட்காரும் அளவுக்கு இடம் இருந்ததைக் கிரீஷ் கண்டுபிடித்தார். நாள்கணக்கில் மனிதவளப் பிரிவால் எழுத முடியாத கடிதத்தை, ஒரு சிவப்புப் புள்ளிக்காகத் துணைத் தலைவர் நின்று எழுத வைத்தார். அவருக்கு ஸ்டெல்லா யார் என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

கடிதம் கிடைத்ததும் ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தார்.

"பதில் வந்துருச்சு சார்."

"என்ன எழுதியிருக்குது?"

"'தங்கள் விளக்கம் ஏற்கப்பட்டது, உடனே பணிக்குத் திரும்பவும்'னு. ஒரே வரி. நான் ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்."

"தப்பு யாருதுன்னு?"

"அதெல்லாம் எழுதுவாங்களா சார்? வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. போயி அதே மூணாம் ஸ்கிரீன்லதான் உக்காருவேன். வேற எடம்னா ஒத்துக்க மாட்டேன். இனிமே என் பேர்ல நான் மட்டுந்தான். டீக்குப் போனா மூடிட்டுத்தான் போவேன். லாரி நிக்கட்டும்."

அன்று மதியமே கிரீஷ் தளத்தை அகற்றினார். இந்த முறை கையெழுத்துப் போட வேண்டியவர்களைக் கடைசிவரை உட்கார வைத்து, வரிசைப்படி, எதையும் உருவாமல். எல்லாம் தாமாகவே போயின.

விளக்கம் தர ஸ்டெல்லாவுக்கு அவர்கள் கொடுத்த அவகாசம் நாற்பத்தெட்டு மணி நேரம். இருபத்தாறாவது மணியில் அவர் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரம், புதன்கிழமை. அதற்கு அவர்களுடைய ஒற்றை வரிப் பதில் அவர் கைக்கு வந்தது நவம்பர் மூன்றாம் வாரம், திங்கட்கிழமை.